ஸ்கிரீன்ஷாட்டில் விழாதது

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானும் நம்பாமல் இருந்தவன்தான், அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். ஆனால் இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

கணினி பழுது பார்ப்பது என் தொழில். தங்கை வீட்டிலிருந்தே பழைய புகைப்படங்களைத் திருத்திக் கொடுப்பாள். அவள் கணினிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுத்தது நான்தான். மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணா, திரை துடிக்குது. கண்ணுல ஊசி குத்துற மாதிரி இருக்கு.”

வெளிச்சத்தைக் குறைத்தேன். திரையை மஞ்சளாக்கினேன். பலனில்லை. கடைசியில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து நீட்டினேன்.

“பாரு, இதுல எங்க துடிக்குது? உன் மண்டைக்குள்ளதான் துடிக்குது.”

அவள் சிரிக்கவில்லை. ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு பின்னால் இருந்த கட்டிலில் படுத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து, சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனாள். எங்கே போய்விட்டு வந்தாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவள் படங்களை எடுத்து வைக்க அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தேன். பட்டப்பகல். மணி 3:10.

சாம்பல் நிறத் திரை. ஐந்தே நிமிடத்தில் கண் எரிந்தது. அப்புறம்... ஊசி. அவள் சொன்ன அதே ஊசி.

சாம்பலுக்குள் ஏதோ கூடியது, கலைந்தது... நெற்றி. மூக்கு. மூடிய இரண்டு கண்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். வெறும் சாம்பல்.

அப்போதுதான் உறைத்தது. சில கார்டுகள் இரண்டு நிறங்களை நொடிக்குப் பலமுறை மாற்றி மாற்றிக் காட்டி, இல்லாத நிறத்தை இருப்பதாக நம்பவைக்கும். டிதரிங் என்பார்கள். அது படம் திரைக்குப் போகும் வழியில் நடப்பது. ஸ்கிரீன்ஷாட்டில் விழாது. தொழில்காரனான எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். பாவி, எனக்குத் தோன்றவில்லை.

பின்னால் கட்டில்... கிரீச்.

“இப்ப நம்புறியாண்ணா?”

திரும்பவில்லை. திரையில் கார்டின் செட்டிங்ஸைத் திறந்தேன். நான் போட்ட கார்டின் பெயர் மேலேயே இருந்தது. டிதரிங்கை அணைத்தேன். 3:26.

முகம் போய்விட்டது.

கட்டிலில் ஒரு துணி. தொட்டேன்...

ஈரம்.

மறுநாள், கணினிக் கடை வைத்திருக்கும் நண்பன் வந்தான். காதில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பதால் எங்களுக்கு அவன் ‘ஸ்க்ரூ’. கையில் ஒரு பொட்டலம்.

“எப்படிச் சொல்றதுன்னே தெரியலடா. அவ போன அன்னைக்கு என் கடைக்குத்தான் வந்தா. கார்டைக் கழட்டிக் கொண்டுவந்து, ‘அண்ணன் நம்பல, நீங்களாவது பாருங்க’ன்னா. அவ சொன்னது சரிதான்டா.”

பிரித்தேன். நான் வாங்கிக் கொடுத்த அதே கார்டு.

ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன். கார்டு இருந்த இடம் காலி. உள்ளே இரண்டு மாதத் தூசி. கார்டு இல்லாமலும் கணினி ஓடும், சரி. அப்படியென்றால் நான் அணைத்தது எதை?

அந்தக் கார்டைத் திரும்ப மாட்டினேன். டிதரிங்கைப் போட்டுவிட்டு, தினமும் 3:10-க்கு அங்கே உட்காருகிறேன். கண் எரிகிறது. நம்புகிறேன் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்துவிட்டேன். முகம் மட்டும் வரவில்லை.