இடது கரைச் சுவர்

ஒரே பொருளை மேலிருந்து ஒரு தடவை, முன்னாலிருந்து ஒரு தடவை, குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு தடவை என்று வரைந்து கொடுப்பதுதான் பிளான் வரைகிறவன் பிழைப்பு. பார்க்கிற ஆள் மட்டும் இந்த மூன்று இடத்திலும் நிற்க மாட்டான். உங்களில் யாராவது இந்த வேலையில் இருந்து நொந்தவர்களானால் மேலே படிக்க வேண்டாம், உங்களுக்கே எல்லாம் தெரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மலாயாவின் சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் மலாக்காவில் ஓர் அரசாங்க ஆபீஸில் இருந்தேன். பெயர் வேண்டாம், பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. நான் குடியிருந்த காஜா பேராங்கில் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. பெரிய மழை வந்தால் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். எதிர்க்கரையில் ஆளில்லாத சதுப்பு, நீப்பாப் பனைக் காடு. வீட்டுப் பக்கக் கரையில் மட்டும் சுவர் எழுப்பினால் வெள்ளம் காட்டுப் பக்கம் போய்க்கொள்ளும் என்பது திட்டம். படம் என் பொறுப்பு. தண்ணீர் ஊற்றிச் சோதிப்பதற்காகப் பலகையிலும் சிமெண்டிலும் கால்வாயின் மாதிரி ஒன்றும் செய்தோம். நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும்.

காற்றாடிக்குக் கீழே

எங்கள் என்ஜினியர் ஒரு வெள்ளைக்காரத் துரை. காற்றாடிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "வீடுகள் தெரியவில்லையே" என்றார். அவர் இருந்தது மாதிரியின் காட்டுப் பக்கம், சுவர் வீடுகளை மறைக்காமல் என்ன செய்யும்? திருப்பினோம். இப்போது சுவர் தெரியவில்லை என்றார். மறுபடி திருப்பினோம். தண்ணீர் தளும்பி என் கால்சட்டையில் கொட்டியது. இப்படியே அன்று காலை ஏழு தடவை.

"சார், நீங்கள் இந்தப் பக்கம் நாலடி நடந்து வந்தால் இரண்டும் தெரியும்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாகவே விளக்கினார்: "மாதிரியைத் திருப்ப நீங்கள் நாலு பேர் இருக்கிறீர்கள். காற்றாடியைத் திருப்ப யார் இருக்கிறார்கள்?"

கூரை மட்டும் தெரிந்த வீடு

கால்வாயை ஒட்டினாற்போல் முதல் வீடு பிள்ளை என்பவருடையது. மலாக்காச் சிட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழர் வழி. கோயில், பூஜை எல்லாம் நம்மைப்போல்தான். பேச்சு மட்டும் அவர்களுடைய மலாய். தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் 'தம்பி' ஒன்று. அவர் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் சாப்பாட்டு மேசைமேல் பாயை விரித்து அந்த அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு, தண்ணீர் வடிகிறவரை பக்கத்திலேயே நிற்பார். இந்தச் சுவர் வந்தால் இனி மேசை வேண்டாம் என்பதுதான் அவர் நம்பிக்கை.

மாதிரியைக் காட்ட அவரை ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். முதலில் மேலிருந்து வரைந்த படத்தை நீட்டினேன். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மாதிரியின் முன்னால் முட்டிபோட்டு, தன் வீட்டு வாசல் உயரத்துக்குக் கண்ணை இறக்கி, வெகு நேரம் பார்த்தார். அந்த மாதிரியை ஒழுங்காகப் பார்த்த ஒரே மனிதர் அவர்தான். எழுந்தவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "என் கூரையை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, தம்பி. எனக்குத் தண்ணீர் கால் பக்கத்திலிருந்துதான் வரும்."

கந்தையா நின்ற நேரம்

மறு வருஷம் வேலை தொடங்குகிற நேரம் பார்த்து எனக்கு டைபாய்டு. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்து பின்பக்கம் போய்ப் பார்த்தால் சுவர் நிற்கிறது, நல்ல உறுதியான சுவர், நீப்பாக் காட்டைக் காத்துக்கொண்டு. உடனே ஆபீஸுக்குப் போய் என் படத்தை எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் கால்வாயின் குறுக்கு வெட்டை, தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்து நின்றபடிதான் வரைவோம். கடலைப் பார்த்து நின்றால் பிள்ளை வீடு இடது கை. நானும் 'ஓட்டத் திசையில் பார்த்தது, சுவர் இடது கரை' என்று அழகாக எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில் ஒரு வீட்டை, சின்னதாக ஒரே ஒரு வீட்டை, கிறுக்கிவிட்டிருக்கக் கூடாதா இந்தப் பாவி? நம் ஊர்க் கால்வாயில் கடல் ஏறும்போது தண்ணீர் பின்னோக்கி ஓடும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஓவர்சியர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், வலு கவனமான மனிதர். கூலியாட்களுக்கு இடம் காட்டப் போன நேரம் கடல் ஏற்றம். கேட்டதற்குச் சொன்னார்: "ஐசே, ஓட்டத்தைப் பார்த்து நிக்கச் சொல்லிப் படத்திலை கிடந்தது. தண்ணி உள்ளுக்கு ஓடிச்சுது, நானும் உள்ளுக்குப் பார்த்துத்தான் நிண்டனான்." அப்படி நின்றால் இடது கை காட்டுப் பக்கம்.

கோப்பு

அதற்குள் சுதந்திரம் வந்துவிட்டது, துரை கப்பலேறிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த நம்மவரிடம் ஓடினேன். இடித்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மழைக்கு முழு வெள்ளமும் வீடுகளுக்குள்தான் என்று கெஞ்சினேன். என் படத்தைப் பார்த்தார். கந்தையாவின் அறிக்கையைப் பார்த்தார். ஒன்றைக்கூட ஓட்டத் திசையில் பார்க்கவில்லை. "படத்தில் இடது கரை, அறிக்கையிலும் இடது கரை. இதில் நான் எதைத் திருத்துவது?" என்றார்.

மேசைக்கு மேலே

வருஷக் கடைசி மழை வந்தது. பகல் இரண்டு மணிக்கே தண்ணீர் மேசையைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. பிள்ளையும் நானும் அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் ரோட்டுக்குக் கொண்டுவந்து, மேட்டுப் பகுதியான புக்கிட் பாருவில் இருந்த அவர் தங்கை வீட்டுக்கு டாக்ஸியில் ஏற்றினோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாழ்ந்த வீட்டை அந்த அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அதன் பிறகு அங்கே வரவேயில்லை.

சுவர் எழும்பும்போதே தப்பான கரை என்று உங்களுக்குத் தெரியவில்லையா, ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று, என் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் இறக்கப் பார்த்தேன். பிள்ளை சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "கேட்டேன், தம்பி. படத்தைக் காட்டினார்கள். கீழே உன் கையெழுத்து இருந்தது. நீ தப்பாக வரைய மாட்டாய் என்று பேசாமல் வந்துவிட்டேன்."

அதற்குப் பிறகு முப்பது வருஷம் நான் வரைந்த படத்தில் ஒன்றில்கூடத் தப்பிருந்ததாக யாரும் சொன்னதில்லை, அந்தப் படத்தையும் சேர்த்துத்தான்.