வெள்ளைச் சீட்டு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை தாள் நறுக்கியது. அச்சகத்தில் கழித்துப்போட்ட பட்டாசு லேபிள்களை விரல் அகலத்துக்கு நறுக்கினோம். அம்மா ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஏட்டி விழி, இது பச்சையா, நீலமா?”

“சிவப்பும்மா.”

“சும்மா கேட்டேன்” என்று சிரித்தாள்.

அம்மா பெயர் பஞ்சம்மாள். ஊர் ஆமத்தூர். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் வேலை. எழுத்துத் தெரியாது. வீட்டு வேலை எதுவும் விட்டுப்போகாமலிருக்க அவளே ஒரு முறை வைத்திருந்தாள். அடுக்களையில் ஒரு கொக்கிக் கம்பி தொங்கும். சிவப்பு ரேஷன், பச்சை கரண்ட் பில், மஞ்சள் கோயில், நீலம் என் சம்பந்தப்பட்டது. வேலை வந்தால் சீட்டைக் குத்துவாள். முடிந்தால் கிழித்து அடுப்பில் போடுவாள்.

பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் கேலி பேசுவாள்.

“என்ன மதினி, தோரணம் தொங்குது? வீட்டுல கல்யாணமா?”

“எனக்குத்தான். மாப்பிள்ளை ரேஷன் கடை வரிசையில நிக்காரு.”

நான் சென்னையில் மென்பொருள் எழுதுகிறேன். 2006-ல் அம்மாவுக்குச் செல்போன் வாங்கி, வேலைகளுக்கு மணி வைத்துக் கொடுத்தேன். கம்பெனிக்குள் செல்போன் கூடாது. அது வாசலில் காவலாளியின் பெட்டிக்குள் கிடந்து அடித்தது. அம்மா கம்பிக்கே திரும்பினாள்.

அவள் முறையில் ஒரு பிழை இருந்தது. தன் சொந்த வேலைக்கு வெள்ளைச் சீட்டு. புதிதாக எது வந்தாலும் வெள்ளையை உருவி, அதற்கும் பின்னால் மறுபடி குத்துவாள்.

இரண்டு கண்ணிலும் புரை. விருதுநகரில் இலவசக் கண் முகாம் நடந்துகொண்டுதான் இருந்தது; வெள்ளைச் சீட்டு அதற்குத்தான்.

“இந்த வாரமே போவோம்மா.”

“தீபாவளி கழியட்டும்டி. சீசன்ல ஒரு நாள் நின்னா, என் எடத்துல வேற ஆளு உக்காந்திருக்கும். கை பழகிருச்சு, கண்ணு எதுக்கு?”

2008 தீபாவளிக்கு முந்திய வாரம். கம்பெனி வேனிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தாள். லோடு வண்டி விளக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறது. இன்னும் இருட்டவில்லை.

கருப்பம்மாள் பின்னால் நின்றிருந்தாள். “நான் கத்துனேன் விழி. மதினி திரும்பிப் பாத்தாக. பாத்துட்டுத்தான் நடந்தாக.”

காரியம் முடிந்தபின் கம்பியில் இருந்ததை முடித்தேன். ரேஷன் வாங்கினேன். கரண்ட் பில் கட்டினேன். மாரியம்மனுக்கு எண்ணெய் கொடுத்தேன். ஒவ்வொன்றாகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

வெள்ளை மட்டும் தொங்குகிறது, ஓட்டை ஓட்டையாக. வரும் ஞாயிற்றுக்கிழமை முகாம். அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும்.