மூன்றாவது ராஜாவின் நிறம்

இஞ்ஞாசியைக் கீழத்தெருவில் பல்தசார் என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷத்தில் ஒரு நாள் அவர் ராஜா. மற்ற நாட்களில் மிராசுதார் அடைக்கலசாமியின் நிலத்தில் பண்ணை வேலை.

வெண்ணாற்றங்கரையில் இருந்த அந்த ஊரின் மாதா கோயிலில், பீடத்தை ஒட்டிய சுவரில் ஒரு படம் தொங்கியது. முன்பு இருந்த பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது. தொழுவத்தில் குழந்தை சேசு. எதிரே மூன்று ராஜாக்கள். கிழவர் முழங்காலில் இருக்கிறார். நடுவயதுக்காரர் கிரீடத்தைக் கழற்றுகிறார். மூன்றாமவர் இளைஞர், கன்னங்கரேலென்று, காதில் வளையத்தோடு கொஞ்சம் தள்ளி நிற்கிறார். கையில் வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின் வைத்த பேழை. அவர் பெயர் பல்தசார்.

இந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஊரில் மூன்று ராஜாக்கள் திருநாள் நடந்தது. சனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் ஆற்றங்கரையிலிருந்து மாட்டு வண்டியில் கிளம்பிப் பெரியதெரு வழியாக வருவார்கள். கோயிலின் நடு வாசலில் நுழைந்து, குழந்தை சேசுவின் சுரூபம் வைத்த குடிலுக்கு முன்னால் முழங்காலிடுவார்கள். முதல் இரண்டு ராஜாக்கள் பெரியதெரு. பல்தசார் கருப்பாக இருக்க வேண்டும் என்பதால் கீழத்தெரு. பெரியதெருவிலும் கருப்பானவர்கள் இருந்தார்கள். அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

கோயிலுக்குள் குறுக்கே ஒரு மரக் கிராதி. கீழத்தெருக்காரர்கள் பக்க வாசலால் வந்து கிராதிக்குப் பின்னால் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பீடத்தின் மெழுகுவர்த்திகள் தெரியும். குடில் தெரியாது. கருத்த ராஜா மட்டும் கிராதியைத் தாண்டிப் போகலாம். இஞ்ஞாசிக்கு முன் அவருடைய அப்பா போனார்.

இஞ்ஞாசியின் கருப்பும் படத்துக்குப் போதவில்லை என்று பெரியதெருவில் ஒரு குறை இருந்தது. அதனால் விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து முகத்தில் பூசுவார்கள். பூசிவிடுவது அவர் மனைவி சலேத்தம்மாள்.

"பாதி வேலைய உங்க ஆத்தாளே முடிச்சிட்டா" என்பாள். "மீதிதான் எனக்கு."

கோயிலிலிருந்து திரும்பி வந்ததும் தெருவே அவரைச் சுற்றிக்கொள்ளும். குழந்தை எப்படி இருந்தது, என்ன சட்டை, இந்த வருஷம் எந்தப் பக்கம் தலை.

"கண்ணு நீலம்" என்பார் இஞ்ஞாசி. "என்னையேதான் பாத்துது."

"அங்க போயி என்னய்யா வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணும் வேண்டல. கிட்டக்க நின்னு பாத்தேன்."

சென்னையில் ஆட்சி மாறிய பிறகு வந்த முதல் சம்பா அறுப்பு. ஆட்சி மாறினால் கூலியும் மாறும் என்று நினைத்தார்கள். மாறவில்லை. கீழத்தெருவில் சங்கம் வந்தது. கூலி உயர்த்தாமல் கதிரில் அரிவாள் வைப்பதில்லை என்று முடிவானது. இஞ்ஞாசி வீட்டு வாசலிலும் ஒரு மூங்கிலில் செங்கொடி ஏறியது.

திருநாளுக்கு முன் வாரம் மிராசுதார் அவரைக் களத்துக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"பல்தசாரு, ஒன் வாசல்ல என்னமோ செவப்பாப் பறக்குதாமே?"

"சங்கத்துக் கொடிங்க ஐயா."

"ராஜாவுக்கு எதுக்குடா சங்கம்? அத எறக்கிட்டு வா. வந்து கிரீடத்த வாங்கிட்டுப் போ."

இஞ்ஞாசி துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"திருநாளு வரைக்கும் எறக்கி வையேன்யா" என்றாள் சலேத்தம்மாள். "மறுநா ஏத்திக்கிட்டா ஆச்சு."

"எறக்குனா எறக்குனதுதான்."

"அப்ப கிரீடம்?"

"தந்துதான் ஆவணும். கருப்பு ராஜா இல்லாம வண்டிய எப்புடிக் கெளப்புவாரு? படம் சொவத்துல தொங்குதுல்ல?"

அவர் நிலத்தையோ மாட்டையோ நம்பியவரில்லை. இரண்டும் அவரிடம் இல்லை. நிறத்தை நம்பினார்.

அவர் கணக்கு முதலில் சரியாகவே இருந்தது. மிராசுதார் கீழத்தெருவில் வேறு இருவரைக் கேட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள். அறுப்புக்கு வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்திருந்தார். ஆனால் வந்தவர்கள் ஞானஸ்நானம் வாங்காதவர்கள். அவர்களில் ஒருவனை ராஜாவாக்க முடியாது. "பாத்தியா" என்றார் இஞ்ஞாசி மனைவியிடம்.

ஊருக்கு அப்போது புதிதாக வந்திருந்தவர் தனிஸ்லாஸ் சாமியார். இளவயது. லத்தீனை விட்டுத் தமிழில், சனங்களைப் பார்த்துப் பூசை செய்தவர். கிராதியை எடுக்க வேண்டும் என்று வந்த நாள் முதல் நினைத்தார். எடுக்கத் துணிவு வரவில்லை. ராஜா விவகாரம் காதுக்கு வந்ததும் ஞாயிறு பிரசங்கத்தில் அதைப் பற்றிப் பேசினார்.

"இந்தப் படம் வேதம் இல்லை. ஐரோப்பாவில் பல நூறு வருஷமாக மூன்று ராஜாக்களையும் வெள்ளையாகத்தான் வரைந்தார்கள். ஒருவர் கருத்தவர் என்று ஏட்டில் எழுதிவைத்திருந்தும் வரையவில்லை. கருப்பாக வரையும் வழக்கம் பரவி ஐந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். உலகத்தின் எல்லாச் சாதியும் ஆண்டவரைத் தேடி வந்தது என்று காட்ட நினைத்தார்கள். அது நல்ல நினைப்புதான். ஆனால் அதே ஊர்களில், சேசுவைச் சாட்டையால் அடிக்கிற சேவகனையும் கருப்பாக வரைந்தார்கள். பிசாசையும் கருப்பாக வரைந்தார்கள். ராஜா ஆக்கினாலும் பிசாசு ஆக்கினாலும் அவர்கள் பார்த்தது தோலைத்தான். நாமும் தோலைப் பார்த்து ராஜா தேடிக்கொண்டிருக்கிறோம்."

கிராதிக்குப் பின்னால் இருந்தவர்களுக்குச் சாமியார் தங்களுக்காகப் பேசுகிறார் என்று புரிந்தது. இஞ்ஞாசிக்கும் அப்படித்தான் இருந்தது.

பூசை முடிந்ததும் மிராசுதார் சாமியாரிடம் போனார்.

"சாமி, மூணாவது ராஜா கருப்புன்னு வேதத்துல இல்லைங்கிறீங்க."

"இல்லை. ராஜாக்கள் என்றே இல்லை. ஞானிகள் என்றுதான் இருக்கிறது. மூன்று பேர் என்றும் இல்லை."

"அது போதுங்க சாமி."

மூன்றாவது ராஜாவாக மிராசுதாரின் தங்கை மகன் லூர்துநாதன் வருகிறான் என்று அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்தது. திருச்சியில் காலேஜ் படிக்கிறவன், நல்ல சிவப்பு. மறுநாள் சாமியார் கீழத்தெருவுக்கு வந்தார். இஞ்ஞாசி வீட்டு வாசலில் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார நாற்காலி இல்லை.

"நான் அந்த அர்த்தத்தில் சொல்லலை, இஞ்ஞாசி."

"தெரியுது சாமி."

"மனுசனுக்குள்ளே தோல் வித்தியாசம் கூடாது என்றுதான். கிராதிகூட..."

"கிராதியப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலிங்களே சாமி."

சாமியார் கொடிக்கம்பத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு போனார்.

திருநாள் காலையில் கோயில் உபதேசியார் வேகமாக வந்தார். வாசலுக்கு வெளியே நின்றபடியே கூப்பிட்டார்.

"பல்தசாரு, அந்தக் கரிய எதுல கொழைப்ப? தண்ணில கொழைச்சா வழியுது."

"யாருக்குங்க?"

"லூர்து தம்பிக்குத்தான். மூணு பேரும் ஒண்ணாட்டம் இருக்காங்க, யாரு பல்தசாருன்னே தெரியலன்னு பெரியதெருப் பொம்பளைங்க சத்தம் போடுறாங்க. படத்துல இருக்குற மாதிரி இருந்தாத்தான் திருநாளாம். கரி பூசிக்கச் சொல்லிட்டாரு மிராசுதாரு."

சலேத்தம்மாள் சத்தமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

இஞ்ஞாசி உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சியோடு வந்தார். அதில் கரி குழைத்து வாழை இலையால் மூடியிருந்தது. முந்தின நாள் அவர் திண்ணையில் உட்கார்ந்து விளக்கைச் சுரண்டிக்கொண்டிருந்ததைச் சலேத்தம்மாள் பார்த்திருந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

"குடுக்காதய்யா" என்றாள்.

"வெச்சிருந்து என்ன பண்ண?" என்றார். உபதேசியாரின் கையில் படாமல் கொட்டாங்கச்சியைத் தரையில் வைத்தார். "கண்ணுகிட்ட பாத்துப் பூசச் சொல்லுங்க. எரியும்."

கீழத்தெரு அன்றைக்குக் கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்று பேசி, போவது என்று முடிவு செய்தது. இஞ்ஞாசியும் போனார். பக்க வாசலால் நுழைந்து கிராதியை ஒட்டி நின்றார். வெளியே வண்டி மணிச் சத்தம் வந்து நின்றது. உபதேசியார் நடு வாசலில் ஒவ்வொரு ராஜாவாக அறிவித்தார். முதல் இருவரும் உள்ளே போனார்கள்.

"பல்தசார் ராஜா வருகிறார்."

பழக்கத்தில் கீழத்தெரு முழுவதும் இஞ்ஞாசியைத் திரும்பிப் பார்த்தது. குழந்தைகள் அவருக்கு வழிவிட்டு நகர்ந்துகூட நின்றன.

லூர்துநாதன் கழுத்து வரைக்கும்தான் பூசியிருந்தான். கை வெள்ளையாக இருந்தது. பேழையைப் பிடித்துக்கொண்டு, யாரோ நண்பனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, கிராதியைக் கடந்து போய்க் குடிலின் முன் முழங்காலிட்டான். இஞ்ஞாசி எட்டிப் பார்த்தார். குழந்தை தெரியவில்லை. லூர்துநாதனின் முதுகுதான் தெரிந்தது.

வீடு திரும்பியபோது யாரும் அவரைச் சூழவில்லை. கண்ணு என்ன நிறம் என்று கேட்கவில்லை. கொடி கம்பத்தில் இருந்தது. அதைக் கடைசி வரைக்கும் அவர் இறக்கவில்லை. கிழிந்தபோது மாற்றினார்.

பெரியதெருவில் லூர்துநாதனும், அவனுக்குப் பின் அவன் தம்பியும் வருஷா வருஷம் கரி பூசிக்கொண்டார்கள். கீழத்தெருவில் கொஞ்சம் கொஞ்சமாக அவரை இஞ்ஞாசி என்று கூப்பிடப் பழகினார்கள்.