கிளோவிஸ் பென்வேர் விற்கப் போன மாக்கல்

ஏப்ரல் மாதம் பனி உருகும்போது, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து மண் சாலைகளில் சேறு சக்கரத்தின் பாதி வரைக்கும் ஏறும். அந்தச் சேற்றில் கிளோவிஸ் பென்வேர் தன் பழைய பிக்கப் வண்டியை முக்கி முனகி ஓட்டிக்கொண்டு போனான். பக்கத்து இருக்கையில் ஓர் ஆக்சிஜன் உருளையும் புத்தக அளவில் ஒரு மாக்கல் துண்டும் கிடந்தன.

அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. சமையல் மேடைகளுக்குக் கல் அறுக்கும் பட்டறையில் பத்தொன்பது வருஷம் உழைத்தவன். ஆரம்பத்தில் கிரானைட்டும் மாக்கல்லும்தான் அறுத்தான். பிறகு எல்லோருக்கும் குவார்ட்ஸ் மோகம் பிடித்தது. கல்தூளைப் பிசினில் குழைத்து வார்த்த பலகை அது. வெள்ளை வெளேரென்று இருக்கும், கறை ஒட்டாது, கீறல் சுலபத்தில் விழாது. அதன் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் தூசி மட்டும் முகப்பவுடரை விட மெல்லியது. அவசர வேலை வந்தால் தண்ணீர் விடாமலேயே தேய்ப்பார்கள். அந்தத் தூசி கிளோவிஸின் நுரையீரலுக்குள் போய்க் கெட்டித்துவிட்டது. வேறு நுரையீரல் வைத்தால்தான் பிழைப்பான் என்று போன இலையுதிர் காலத்தில் டாக்டர் சொல்லிவிட்டார்.

அவனுக்குத் தன் நோயைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவன் நின்ற அதே இடத்தில் இப்போது அவன் தம்பி லைல் நிற்கிறான். வேலையில் சேர்த்துவிட்டதே கிளோவிஸ்தான்.

"விட்டுடுடா. வேற எந்த வேலையானாலும் பாரு" என்று தினம் போன் செய்தான்.

"பட்டறையை விட்டா என் இரட்டைப் பிள்ளைங்களுக்கு நீ வந்து சோறு போடுவியா? நான் முகமூடி போட்டுக்கறேன். உன்னை மாதிரி மடையன் இல்ல."

"ஒரு தடவை நெஞ்சுப் படமாவது எடுத்துப் பாரேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. போனை வை."

தம்பி மசியவில்லை. ஆகவே கிளோவிஸ் வேறு வழி தேடினான். குவார்ட்ஸ் கேட்டு வந்தவர்கள் யாரென்று பட்டறையில் கணக்கெழுதும் பெண் அவனிடம் ரகசியமாகச் சொல்லுவாள். அவர்கள் வீட்டுக்குப் போய், மாக்கல்லுக்கு மாறச் சொல்லிக் கெஞ்சுவான். இரண்டு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீடு, முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வினிஃப்ரெட் டாட்ரோவினுடையது.

அவள் மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாயோடு வாசலில் நின்றவனைப் பார்த்ததும், "முதல்ல உள்ள வந்து உட்காரு. விழுந்து தொலைக்காதே" என்றாள்.

அவன் மேஜைமேல் கல்லை வைத்தான். அவள் தடவிப் பார்த்தாள். "சோப்பு மாதிரி வழுக்குது. கீறல் விழுமா?"

"விழும்." வண்டிச் சாவியால் அவனே ஒரு கோடு கிழித்தான். வெள்ளையாக விழுந்தது. சட்டைப்பையிலிருந்து உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தான். துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தான். சாம்பல் நிறம் கறுத்தது, கோட்டைக் காணோம். "அவ்வளவுதான் வைத்தியம், மிஸஸ் டாட்ரோ. மருந்துக்கடையில மினரல் ஆயில்னு கேளுங்க. சமையல் எண்ணெயைத் தடவினா சிக்கு நாத்தம் அடிக்கும். ஆரம்பத்துல மாசம் ஒரு தடவை போட்டாப் போதும். அலுப்பா இருந்தா விட்டுடுங்க, சாம்பலாவே இருந்துட்டுப் போகட்டும்."

அவள் கொதிக்கும் பாகுச் சட்டியைத் தூக்கி அந்தக் கல்மேல் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"குவார்ட்ஸ்மேல இப்படி வச்சா கருகி வட்டம் விழும்" என்றான் கிளோவிஸ். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் விடவில்லை.

"நீ விக்க வந்த மாதிரி தெரியலையே. உயிருக்கு மன்றாடுற மாதிரி இருக்கு. என்ன விஷயம்?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். "இதுலயும் தூசி உண்டுங்க. தண்ணி விட்டு, முகமூடி போட்டுத்தான் அறுக்கணும். ஆனா குவார்ட்ஸ் தூசி கொல்ற மாதிரி இது கொல்லாது."

"நான் மாறிட்டேன்னு வை. அடுத்த வீட்டுக்காரி குவார்ட்ஸ் கேட்டா?"

"அவங்க வீட்டுக்கும் போவேன்."

"அதுக்கடுத்தவ?"

அவன் உப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு அந்த வெள்ளைதான் பிடிச்சிருந்தது" என்றாள். பிறகு, "சரி, கறுப்பையே போடு."

அடுத்த வாரம் பட்டறைக்கு வந்தாள். கூடவே வந்த கிளோவிஸ் பலகைகள்மேல் தண்ணீர் தெளித்துக் காட்டினான். எண்ணெய் போட்டால் வரும் நிறம் அப்போதுதான் தெரியும். வெள்ளை ரேகைகளின் குறுக்கே நகத்தை ஓட்டச் சொன்னான். நகம் தடுக்கினால் அது விரிசல், தடுக்காவிட்டால் ரேகை. அவள் நகம் தடுக்காத பலகை ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அவள் போனதும் லைல் பாய்ந்து வந்தான்.

"வீடு வீடாப் போயி என் பொழைப்புல மண்ணைப் போடுறியா? ஊரே சிரிக்குது. 'உங்க அண்ணன் பிரசங்கத்துக்குக் கிளம்பிட்டானா'ன்னு கேக்கறாங்க."

"சிரிக்கட்டும்."

"நீ சாகப் போறேன்னா தனியாச் சாவு. என்னை இழுக்காத!"

சொன்னதும் லைலின் முகம் வெளுத்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பிப் போய் ரம்பத்தை ஓடவிட்டான்.

மே மாதம் மேடை பொருத்தும் நாள் வந்தது. கிளோவிஸ் வண்டிக்குள் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். லைலும் இன்னொரு ஆளும் பலகையைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு மிஸஸ் டாட்ரோவின் வாசற்படி ஏறினார்கள். ஐந்தே படிகள். மூன்றாவது படியில் லைல் நின்றான். "இறக்கு, இறக்கு" என்றான். பலகையைக் கைப்பிடியில் சாய்த்துவிட்டு, முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தான். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. வாயைத் திறந்து காற்றை விழுங்கினான்.

கிளோவிஸுக்கு அந்த மூச்சு தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனும் அப்படித்தான் நின்றான், சளி என்று சொல்லிக்கொண்டான்.

உருளையை இழுத்துக்கொண்டு படிவரைக்கும் போனான். "எத்தனை நாளா இப்படி?"

"சளி."

"லைல்."

தம்பி நிமிரவில்லை. "கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து" என்றான். "வீட்டுல ஷீலா கிட்டச் சொல்லிடாத."

அந்தப் பலகையை வேறு ஆட்கள் வந்து உள்ளே ஏற்றினார்கள். மிஸஸ் டாட்ரோ அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் காப்பி போட்டு எடுத்து வந்தாள். படியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

லைல் ஒருவழியாக எடுத்துக்கொண்ட நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. லைல் பட்டறையை விட்டான், ஊராட்சியில் சாலை பராமரிக்கும் வண்டி ஓட்டப் போனான். தூசியை விட்ட பிறகும் இந்த நோய் நிற்காமல் முன்னேறலாம் என்றார் டாக்டர். பட்டறையில் லைலின் இடத்துக்கு ஒரே வாரத்தில் ஆள் வந்துவிட்டான். கிளோவிஸ் அவனைப் பார்க்கப் போனபோது முதலாளி வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜூலையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே காலையில் ஆஸ்பத்திரியில் நேரம் கொடுத்திருந்தார்கள். லைல்தான் வண்டி ஓட்டினான். கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"நான்தானே உன்னைச் சேர்த்துவிட்டேன்" என்றான் கிளோவிஸ்.

"ஆமா" என்றான் லைல்.

அவ்வளவுதான் சொன்னான். உன் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுவான் என்று கிளோவிஸ் காத்திருந்தான். உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, "பென்வேர்?" என்று கூப்பிட்டாள். இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.