மரைக்காயர் வீட்டு மாவிலங்கம்

பங்குனி மாதம் ஒரு விடியற்காலை மயிலாப்பூரிலிருந்து பழவேற்காட்டுக்குப் புறப்பட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் துணி வாங்கப் போவதாகச் சொல்லிவைத்தேன். பொய்யில்லை, வருஷத்துக்கு ஒருமுறை அங்கே காசிம் மரைக்காயரிடம் சாயத்துணி வாங்குகிறவன்தான் நான். ஆனால் இந்த முறை போனது ஒரு மரத்தைப் பார்க்க. ஏரிக்கரைப் புதரில் கண்டெடுத்த மாவிலங்கக் கன்று ஒன்றை மரைக்காயர் தம் கொல்லையில் வைத்துப் பத்து வருஷம் வளர்த்துவிட்டார். அது இத்தனை காலமும் இலையை மட்டும் காட்டி அவரை ஏய்த்துக்கொண்டிருந்தது. இப்போது மொட்டு விட்டிருக்கிறது, உடனே வரவும் என்று ஆள் அனுப்பியிருந்தார். செடி வளர்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய அழைப்பு கிடையாது.

நாலு காதத் தொலைவுக்கு வண்டிக்கூலி ஆறு பணம். திருவொற்றியூரில் கட்டுச்சோறு, இரவு மீஞ்சூர்ச் சத்திரத்தில் படுக்கை. வண்டிக்காரனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"இன்னா சாமி, பூ பாக்கவா இம்மாந்தூரம்?" என்றான். அதன்பிறகு மாட்டை விரட்டுவதிலேயே குறியாக இருந்தான்.

மறுநாள் பிற்பகல் திருப்பாலைவனம். அறுவடை முடிந்த வயல்களில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கிருந்து பழவேற்காடு அரைக் காதத்துக்குச் சற்று மேல். வயல் முடிந்ததும் மணல் தொடங்குகிறது. மணலோடு காடும் தொடங்குகிறது. நாவலும் மகிழும் உயர்ந்து நிற்க, அடியில் களா, காரைப் புதர்கள் பின்னிக் கிடக்கின்றன. களா முழுக்கப் பூத்திருந்தது. யாரும் நீர் ஊற்றாமல், யாரும் கவாத்து செய்யாமல் இவ்வளவு ஒழுங்காகப் பூக்கும் காட்டைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். இறங்கி ஒரு கை மகிழம்பூ பொறுக்கிக்கொண்டேன். வண்டிக்காரன் வேறு பக்கம் பார்த்தான்.

பொழுது சாயும் நேரத்தில் மரைக்காயர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒல்லாந்தர் கோட்டைக்குத் தெற்கே மேட்டில் இருக்கிறது வீடு. சுற்றிலும் உப்புத்தண்ணீர்; அவர் கிணறு மட்டும் இனிப்பு. அந்தக் கிணற்றை நம்பி மல்லிகை, செம்பருத்தி, பத்தாவியாக் கப்பலில் வந்த வண்ண இலைச்செடிகள் என்று வளர்க்கிறார். அன்று நான் எதையும் பார்க்கவில்லை. சுவருக்கு மேல் மாவிலங்கம் நின்றது. இலையே தெரியாதபடி உச்சிமுதல் அடிவரை வெள்ளை. அதில் முன்பே விரிந்த பூக்கள் மட்டும் மஞ்சளாகத் திரும்பத் தொடங்கியிருந்தன. மரைக்காயர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் கடலோரக் குப்பத்திலிருந்து எல்லப்பன் என்ற மீனவர் வந்தார். மரைக்காயருக்கு மீன் கொடுக்கிறவர்தான். ஆனால் அன்று கையில் மீன் இல்லை. சுவரோரம் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசினார்.

"மரைக்காரே, நேத்து மத்தியானம் என் தம்பி தோணி திட்டுல ஏறி ஒடஞ்சிடுச்சு. உங்க மரத்த எங்க தோப்பு மரம்னு நென்ச்சிக்கினு வந்துட்டான். ஆளுங்க நீஞ்சி வந்துட்டாங்கோ."

குப்பத்து அம்மன் தோப்பில் ஒரு பழைய மாவிலங்கம் இருக்கிறது. கடலிலிருந்து ஏரிக்குள் நுழையும் வழி மணல்திட்டுகளுக்கு நடுவே மிகக் குறுகலானது. மற்ற மாதங்களில் அந்த மரத்தின் உயரத்தைப் பார்த்து வழி பிடிக்கிறார்கள். பங்குனியில் கரை முழுவதும் வெயில் கானலில் மங்கிவிடுவதால், வெள்ளையாகத் தெரிவதுதான் குறி. அதை நேரே வைத்துத் தோணி செலுத்தினால் ஆழம், விலகினால் திட்டு. ஆகவே இந்தக் கரையில் மீனவர் யாரும் வீட்டில் மாவிலங்கம் வைப்பதில்லை. இது மரைக்காயருக்குத் தெரியாது. துணி வியாபாரிக்கு யார் போய்ச் சொல்வார்கள்? பத்து வருஷம் பூக்காத மரத்தைப் பற்றி அவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இன்னும் நாலு தோணி வெளியே இருப்பதாகவும், பகலில் கடற்காற்று எடுத்ததும் அவை திரும்பும் என்றும் எல்லப்பன் சொன்னார்.

மரைக்காயர் மரத்தை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு உள்ளே திரும்பிக் கோடாலி கொண்டுவரச் சொன்னார். எனக்குப் பார்க்க மனமில்லை. தடுக்கவும் வழியில்லை.

எல்லப்பன்தான் தடுத்தார். "வெட்ட வாணாம். பச்சையா நின்னா எங்களுக்கு இன்னா? வெள்ளதான் ஆவாது."

எல்லப்பனும் வீட்டு ஆட்கள் இருவரும் பூவைப் பறிக்க மேலே ஏறினார்கள். எட்டிய கிளைகளை நானும் மரைக்காயரும் பார்த்துக்கொண்டோம். வாழ்நாளெல்லாம் பூப் பறித்திருக்கிறேன். அன்றுபோல் மனம் கசந்து பறித்ததில்லை. மொட்டையும் விடவில்லை. மொட்டு நாளைய பூ அல்லவா! காற்று எடுப்பதற்குள் மரம் மொட்டையாக நின்றது. முற்றத்தில் குவிந்த பூவை அக்கம்பக்கத்து ஆடுகள் வந்து தின்றன.

பிறகு கரைக்குப் போய் நின்றோம். தூரத்தில் குப்பத்துத் தோப்பில் ஒற்றை வெள்ளை. முதல் தோணி அதை நோக்கி நேராக வந்து உள்ளே நுழைந்தது. பின்னாலேயே மற்ற மூன்றும் வந்தன. நாலாவது நுழைந்த பிறகுதான் மரைக்காயர் பேசினார். மாவிலங்கம் எல்லா மொட்டையும் ஒரே நாளில் விட்டுவிடாது, பங்குனி முடியும்வரை தினம் பார்த்துக் கிள்ள வேண்டும் என்றார். ஆட்களிடம் விடலாமே என்றேன்.

"ஒண்ணு தப்பிச்சா ஒரு தோணி. நானே பாத்துக்குறேன்" என்றார்.

மறுநாள் புறப்படும்போது, மரத்தின் வேரில் முளைத்திருந்த ஒரு கன்றை மண்ணோடு தோண்டி வாழைமட்டையில் கட்டிக் கொடுத்தார். உங்கள் ஊரிலாவது பூக்கட்டும் என்றார். நாலு காதமும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நடவில்லை. என் கொல்லையிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். முதலில் எங்கள் கடற்கரைக் குப்பத்துக்குப் போய்க் கேட்டேன். அவர்களுக்குக் குறி கோயில் கோபுரமாம். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று சிரித்தார்கள். அதன்பிறகுதான் நட்டேன்.

வருஷங்கள் கழித்து இந்தப் பங்குனியில் அது முதல்முறையாகப் பூத்திருக்கிறது. உடனே வரவும் என்று மரைக்காயருக்கு ஆள் அனுப்பினேன். ஆள் நேற்றுத் திரும்பி வந்தான். மரைக்காயருக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். அங்கே மரம் மொட்டு விட்டிருக்கிறதாம். எல்லாம் கிள்ளி முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

அதற்குள் இங்கே பூ உதிர்ந்துவிடும். அது அவருக்கும் தெரியும்.