ஒரு விநாடி வித்தியாசம்

எண்பதுகளின் கடைசியில் கோலசிலாங்கூரில் ஒரு செம்பனை எண்ணெய்க் கம்பெனி அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. சுங்கை ஆயர் தாவார் பக்கம் இருந்த எங்கள் ஆலையில் இன்னொரு கம்ப்யூட்டர். இரண்டும் மோடம் வழியாகத் தொலைபேசிக் கம்பியில்தான் பேசிக்கொள்ளும். அலுவலகத்துக்கு இருந்ததோ ஒரே ஒரு தொலைபேசி.

ஆலைக் கம்ப்யூட்டரின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடியது. அங்கிருந்து வரும், லோரிகள் வந்துபோன நேரப் பதிவுகளை, இன்னும் நடக்காதவை என்று எங்கள் கம்ப்யூட்டர் தள்ளிவிடும். இரண்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர நானே ஒரு புரோகிராம் எழுதினேன். அது இங்குள்ள நேரத்தை அங்கே அனுப்பும். போய்த் திரும்ப எவ்வளவு ஆனது என்று பார்த்து, அதில் பாதியைக் கூட்டிக் கடிகாரத்தைத் திருத்தும்.

அன்று காலை ஒன்பதரைக்கு ஆலையை அழைத்தேன். முதல் முயற்சியிலேயே வித்தியாசம் அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. லோரிப் பதிவுக்கு அதுவே தாராளம். எனக்குப் போதவில்லை. கம்பியில் ஒவ்வொரு முறையும் தாமதம் மாறிக்கொண்டே இருந்தது. இணைப்பைத் துண்டிக்காமலே எழுதி எழுதித் திருத்தினேன். ஒரு விநாடிக்குள் கொண்டுவந்தபோது மணி பன்னிரண்டு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இணைப்பைத் துண்டித்த மறுநொடி தொலைபேசி அடித்தது. பத்தாங் காலி எஸ்டேட்டிலிருந்து மாமனார். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி தாய்வீட்டில் இருந்தாள்.

"மாப்ள, பத்து மணியிலேருந்து அடிக்கிறோம். லைனே கெடைக்கல லா. புள்ள பொறந்துருச்சி. ஆம்பளப் புள்ள. மூச்சு சரியில்லங்கறாரு ஆஸ்பத்திரி டிரெசரு. ஒடனே வாங்க."

பத்தாங் பெர்ஜுந்தை வழியாக மோட்டார் சைக்கிளை விரட்டினேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் மாமனார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேராக உள்ளே போனேன்.

குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி, என் மனைவி பக்கத்திலேயே படுக்க வைத்திருந்தார்கள். என் உள்ளங்கையில் அடங்கும் தலை. நெற்றியைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"ரெண்டு மணி நேரம் இருந்தான்," என்றாள். "வந்துருவாரு, வந்துருவாருன்னு அவன்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். ஆபீஸ்ல யாரு அவ்ளோ நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"நான்தான். ஆலைக் கம்ப்யூட்டருக்கு நேரம் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரியாயிருச்சா?"

"ஆயிருச்சு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே எஸ்டேட் இடுகாட்டில் புதைத்தோம். குழிக்குள் நானே இறக்கினேன். வரும் வழியெல்லாம் ஒரே கணக்கு: பத்து மணிக்கே அழைப்பு கிடைத்திருந்தால், பதினொன்றரைக்கு வந்திருப்பேன். அரை மணி நேரம் அவனைக் கையில் வைத்திருந்திருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். பதிவுகள் ஒன்றுகூடத் தள்ளப்படவில்லை என்று மேனேஜர் தோளில் தட்டினார். இன்னொரு தொலைபேசி வேண்டும் என்று மட்டும் கேட்டேன்; காரணம் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் கிடைத்தது.

பிறகு எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். என் மனைவி என்னைத் திட்டியதே இல்லை. ஆனால் வேலை எப்படிப் போகிறது என்று அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.