ஒற்றைத் தந்த முத்திரை

பிளேடு வழுக்கியது என் குற்றமா? அழிப்பானில் நான் செதுக்கிய யானைக்கு ஒரு தந்தம் போய்விட்டது. "இது யானையா, பெருச்சாளியா?" என்று தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

நாங்கள் இருவரும் காஜா பேராங்கில் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஆசிரியைகள். நாடு சுதந்திரம் பெற்ற மறுவருடம், ஏதோ பழைய ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு விளையாட்டைப் பற்றி அவள் படித்துவிட்டு வந்தாள். ஒருத்தி பிஸ்கட் டின்னில் நோட்டுப்புத்தகம் வைத்து வெளியே எங்காவது ஒளித்துவிட்டு, துப்பு எழுதித் தர வேண்டும். மற்றவள் தேடிக் கண்டுபிடித்து, நோட்டில் தன் முத்திரையைக் குத்த வேண்டும். என்னுடையது யானை, அவளுடையது மல்லிகை. பண்டார் ஹிலிர் கடற்கரை, புக்கிட் காதில் ரப்பர்க்காடு என்று ஞாயிறுதோறும் அலைந்தோம். கல்யாணம் ஆகாத இரண்டு டீச்சர்கள் புதரில் என்ன தேடுகிறார்கள் என்று ஊர் பேசியது. பேசட்டுமே!

இரண்டு வருடம் கழித்து அவளுக்குச் சிங்கப்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. சனிக்கிழமை பஸ். அதற்குள் அந்த நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று தவித்தேன். எங்கள் ஞாயிறுகளுக்கு வேறு சாட்சி கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை, டின்னை ஒளித்திருந்த ஆலமரத்துக்கு இருவரும் போனோம். டின்னுக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, செம்பருத்தி சூட்டியிருந்தது. அதன்மேல் என் யானை தெரியும்படி நோட்டை விரித்து வைத்திருந்தார்கள்.

"தொடாதீங்க டீச்சர்!" என்றாள் அங்கே உட்கார்ந்திருந்த பெண். "பிள்ளையார் தானா வந்திருக்காரு. ஒத்தக் கொம்பு, பாருங்க. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில பேச்சுமூச்சு இல்லாம கெடந்தாரு. இங்க வந்து அழுதேன், மறுநாளே கண்ணத் தொறந்துட்டாரு லா."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். தோழி நறுக்கென்று கிள்ளினாள். சாமிக்கு வைத்ததை எடுக்க முடியாது. புதிதாக வைப்பதை யார் தடுப்பார்கள்? அவள் கைப்பையிலிருந்து தன் முத்திரையை எடுத்தாள். "சாமிக்கு ஒரு பூ வச்சிக்கவா?" என்று கேட்டு, யானைக்குப் பக்கத்தில் மல்லிகையைக் குத்தினாள். அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வழியெல்லாம் அழுதேன். "பெருச்சாளின்னு நான் சொன்னதும் தப்பில்லடி, அது அவரு வாகனந்தானே," என்றாள் தோழி.

மறுநாள் பஸ் ஏறும் முன் அவள் உள்ளங்கையில் யானையைக் குத்தினேன். ஊதா மை, ஈரம். பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் அவள் கையை ஆட்டவே இல்லை. மை கலைந்துவிடக் கூடாதென்று விரித்தபடியே வைத்திருந்தாள்.